கட்டிக்குக் கற்பு தெரியாது

பெண்களின் பிறப்புறுப்பில் வரும் கட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் கட்டுரையாளர், அத்தனை பக்கங்களில் ஒரு கட்டியைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. உடல் சூட்டைப் பார்த்திருக்கிறார், நாணத்தைப் பார்த்திருக்கிறார், மேற்கத்தியச் சதியையும் மருத்துவ வணிகத்தையும் பார்த்திருக்கிறார். ஆனால் கட்டி எந்த இடத்தில் வந்தது, எந்த வயதில் வந்தது, வலித்ததா, வளர்ந்ததா, ரத்தம் கசிந்ததா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நோயாளியை விசாரிக்காமலே நோய்க்குத் தீர்ப்பு எழுதுகிறவரை எந்தச் சபையில் அறிஞர் என்று உட்கார வைப்பார்கள்? வெறும் அறியாமை என்றால் விட்டுவிடலாம். இந்த இதழைப் படிக்கும் பெண்களில் யாரோ ஒருத்தி, போன வாரம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட ஒன்றை நினைத்துக்கொண்டே அந்தக் கட்டுரையைப் படித்திருப்பாள். படித்து முடித்து, டாக்டரிடம் போகலாமா என்ற எண்ணத்தை மடித்து வைத்திருப்பாள். அவளுக்காகத்தான் இந்தப் பதில்.

அவருடைய முதல் வாதம், இவையெல்லாம் சூட்டுக்கட்டிகள், தானாக வரும், தானாகப் போகும், எண்ணெய்க் குளியலும் இளநீரும் போதும், மிஞ்சினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டால் அடங்கிவிடும் என்பது. தானாகப் போவது என்றால் பற்று எதற்கு? பற்றுப் போட்டுத்தான் போகிறது என்றால் தானாகப் போவது எப்படி? ஒரே பத்தியில் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடுகிறார், வாசகர் கவனிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்.

கவனிப்போம். யோனி வாயிலின் இரு பக்கமும், கடிகார முகத்தில் நாலு மணியும் எட்டு மணியும் இருக்கும் இடங்களில், பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் உடற்கூற்றறிஞர் காஸ்பர் பார்த்தோலின் விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகின்றன. வழுவழுப்பான நீரைச் சுரந்து ஒரு சிறிய நாளத்தின் வழியே வெளியே விடுவது அவற்றின் வேலை. அந்த நாளத்தின் வாய் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கிக் கட்டியாகிறது. பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருவது இது. சிறிதாக இருக்கும்வரை வலிக்காது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கிருமி புகுந்து சீழ் கட்டினால் கதை வேறு. இரண்டு மூன்று நாளில் வீங்கி, தொட முடியாமல் கன்றி, காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். அப்போது அவள் பேருந்தில் ஒரு பக்கமாக ஒருக்களித்து உட்காருவாள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் கேட்டால் இடுப்புப் பிடிப்பு என்று சொல்வாள். இந்த அடைப்புக்கும் அவள் தின்ற மாம்பழத்துக்கும் என்ன சம்பந்தம்? வாய் மூடிய நாளத்தை இளநீர் எப்படித் திறக்கும்?

இன்னும் இருக்கின்றன. சவரம் செய்த இடத்தில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சிவந்து நிற்கும் கொப்புளம் ஒன்று. வெளி உதட்டில் கெட்டியாக, வலியில்லாமல், உள்ளே வெண்ணிறக் கசடு அடைந்திருக்கும் கழலை இன்னொன்று. கர்ப்பிணிக்குப் புடைத்து, குழந்தை பிறந்தபின் பெரும்பாலும் வடிந்துவிடும் ரத்தக் குழாய்கள் வேறு. நாலைந்து பிள்ளை பெற்று, தலையில் சுமை சுமந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கி வாயிலில் வந்து நிற்பது முற்றிலும் வேறு. அதைக் கட்டி என்று நினைத்து, உட்காரும்போது கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே பத்து இருபது வருடம் வயல்வேலை செய்த பெண்கள் நம் கிராமங்களில் உண்டு. அவர்களில் பலருக்கு உள்ளே பொருத்தும் ஒரு வளையமோ, முறையாகச் சொல்லிக்கொடுத்த இடுப்புத்தளப் பயிற்சியோ, ஓர் அறுவை சிகிச்சையோ நடமாட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும். கட்டுரையாளர் கணக்கில் இவர்கள் எல்லாருக்கும் சூடு.

நோயே இல்லாதவையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். உதடுகளின் உட்பக்கம் தெரியும் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பலருக்கு இயல்பான எண்ணெய்ச் சுரப்பிகள். வாயிலின் உட்புறம் இரு பக்கமும் ஒரே சீராக வரிசையிட்டு நிற்கும் மென்மையான முளைகள் சிலருக்கு உடலமைப்பே அப்படி. ஒவ்வொரு முளைக்கும் தனித்தனி அடி இருக்கும். மரு அப்படி நிற்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றி, ஒரே அடியிலிருந்து பல தலைகளாகக் கிளைக்கும், தடவினால் சொரசொரக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் இயல்பான முளைகளை மரு என்று பொசுக்கிவிட்ட மருத்துவர்களும் உண்டு. தெரிந்த கண் பார்த்தால்தான் விஷயம் தெளியும் என்பதைத்தானே இது காட்டுகிறது? பெரும்பாலான கட்டிகள் ஆபத்தில்லாதவை என்கிறார் அவர். உண்மை. ஆனால் எந்தக் கட்டி அந்தப் பெரும்பாலானவற்றில் சேர்ந்தது என்று யார் சொல்வது? வீட்டில் இருட்டறையில் குனிந்து பார்த்து அவளே சொல்லிக்கொள்ள வேண்டுமா, அல்லது அவர் கட்டுரையின் நான்காம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டுமா?

வீட்டு வைத்தியத்தில் ஒன்று சரி. வெந்நீர். அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி, இடுப்பு அமிழப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை உட்காரச் சொல்வது பாட்டியும் செய்தது, இன்றைய மகளிர் மருத்துவரும் சொல்வது. சிறிய பார்த்தோலின் கட்டி சில சமயம் அதிலேயே உடைந்து வடிந்துவிடும். ஆனால் பாட்டி சொன்ன வெந்நீரைக் கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துவிட்டு, சுண்ணாம்புக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறார். சுண்ணாம்பு தோலை அரிக்கும் காரம். எருக்கம்பாலும் புண்ணாக்கும். முழங்கையிலேயே எரியும் பொருளை உடம்பின் மிக மெல்லிய தோலில் பூசச் சொல்லிவிட்டு, எரிச்சலை மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாரா?

இரண்டாவது வாதத்தில்தான் அவருடைய குரல் தடிக்கிறது. ஒழுக்கமான குடும்பப் பெண்களுக்கு அங்கே நோய் வராது. வருகிறவர்கள் வேறு ரகம். ஆகவே டாக்டர் கேட்கும் கேள்விகளே நம் பெண்களுக்கு அவமானம் என்கிறார். முதல் வாதத்தில் நம் பாட்டிமார்களுக்கெல்லாம் இது வந்து போயிற்று என்றவர் இவர். அப்படியானால் பாட்டிமார்கள் எந்த ரகம்? தன் இரண்டு வாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொண்டிருந்தால், தன் சொந்தப் பாட்டியையே தூற்றியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பார்த்தோலின் கட்டியில் கட்டும் சீழைச் சோதனைக்கு அனுப்பினால் அதிகம் கிடைப்பது ஈ. கோலை, எல்லார் குடலிலும் வாழும் கிருமி. கழலைக்கும் முடிக்கொப்புளத்துக்கும் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் பாலுறவால் வரும் தொற்று காரணமே இல்லை. பாலுறவால் வருபவையும் உண்டு, மறைப்பானேன்? ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11 என்ற இரண்டு வகைகளே பாலுறுப்பு மருக்களில் பத்துக்கு ஒன்பதுக்குக் காரணம். அந்த மரு புற்றுநோய் அல்ல; கருப்பை வாய்ப் புற்றுநோயில் பத்தில் ஏழுக்குக் காரணமான 16, 18 வகைகள் வேறு. பாலுறவில் ஈடுபடும் ஆண் பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை இந்த வைரஸ் குடும்பம் எப்போதாவது ஒருமுறை தொட்டுவிடுகிறது. தொற்றிய பின் மரு தலைகாட்டச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே இன்று தோன்றிய மருவைக் காட்டி நேற்று துரோகம் நடந்தது என்று யார்மீதும் வழக்குப் போட முடியாது. மனைவிமீதும் முடியாது, கணவன்மீதும் முடியாது.

ஆனால் கட்டுரையாளர் மனைவிமீது மட்டும் வழக்குப் போடுகிறார். அவருடைய கட்டுரை முழுவதிலும் ஓர் ஆண்கூட இல்லை. நோயைக் கொண்டுவருகிறவனாகவும் இல்லை, சிகிச்சைக்குக் கூட வருகிறவனாகவும் இல்லை. பால்வினைத் தொற்று ஒரு பெண்ணிடம் காணப்பட்டால் அவளுடைய துணைவரையும் சோதித்து மருத்துவம் செய்யவேண்டும் என்பது மருத்துவக் கல்லூரி மாணவருக்குச் சொல்லித்தரும் பாலபாடம். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவருடைய கோபுரம் சரிந்திருக்கும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்து சொன்னபோதும் இதே குரல் எழுந்தது: நம் பண்பாட்டில் அதெல்லாம் வராது. பதினோரு ஆண்டு கழித்துப் புனேயில் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. பாலியல் தொழிலில் இல்லாத, பெரும்பாலும் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அந்தத் தொற்று இருந்தது. அவர்களுடைய ஒழுக்கத்தில் எந்தக் குறையைக் கட்டுரையாளர் கண்டுபிடிப்பார்? கற்பு ஒரு தடுப்பூசி என்று நம்ப வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை மறுபடியும் அச்சிட்டு விற்க வந்திருக்கிறார் இவர்.

மூன்றாவது வாதத்துக்குப் போகும்போது அவர் சித்த மருத்துவத்தைத் துணைக்கு அழைக்கிறார். தொட்டுப் பார்ப்பதும் கீறிப் பார்ப்பதும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவையாம். நம் மரபு நாணத்தைக் காத்ததாம். மரபைப் பற்றிப் பேசுகிறவர் மரபின் அரிச்சுவடியையாவது புரட்டியிருக்க வேண்டாமா? சித்த மருத்துவம் நோயறிய வகுத்த எண்வகைத் தேர்வில் நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், நாடி ஆகியவற்றோடு எட்டாவதாக நிற்பது ஸ்பரிசம், தொட்டுப் பார்ப்பது. அவர் பெருமையாக எடுத்து வைக்கும் பற்று, சித்தர்கள் எண்ணிச் சொன்ன முப்பத்திரண்டு புறமருந்துகளில் ஒன்று. அதே முப்பத்திரண்டில் கீறலும் இருக்கிறது, சலாகையும் இருக்கிறது, அறுவையும் இருக்கிறது. சீழ் கட்டினால் கீறி வடிக்கவேண்டும் என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்திரண்டில் தனக்கு வசதியான ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை அயல்நாட்டான் தலையில் கட்டுகிறவர் மரபின் வாரிசா, மரபைக் கொள்ளையடிப்பவரா?

நாணத்தைப் பற்றியும் நம் ஊரின் வரலாறு அவர் சொல்வதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரானார். 1885இல், திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்று தனி மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். ஐடா ஸ்கடரின் கதையும் தெரிந்ததே. ஆண் டாக்டர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட அந்தப் பெண், மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் மருத்துவமனை எழுப்பினார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்டார். நாணம் இருக்கிறது, சரி, அதை மதித்தே மருத்துவத்தைப் பெண்ணிடம் கொண்டுபோவோம் என்பதுதான் இவர்கள் எடுத்த வழி. நாணம் இருக்கிறது, ஆகவே மருத்துவம் வேண்டாம் என்பது அந்த மூன்று பெண்களின் வீட்டார் எடுத்த வழி. கட்டுரையாளர் யார் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் சொல்லியிருக்கக் கூடிய ஓர் உண்மையை அவர் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். புறநோயாளிப் பிரிவில் நாலு பேர் காதுபட "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று உரக்கக் கேட்பது, திரை இழுத்து மூடாமல் படுக்கச் சொல்வது, திருமணமாகாதவள் என்றதும் குரல் மாறுவது எல்லாம் நடக்கின்றன, நானும் பட்டிருக்கிறேன். இவை குற்றம். நியாயமான பரிசோதனை இப்படித்தான் இருக்கவேண்டும்: திரை மூடி, இடுப்புக்கு மேல் துணி போர்த்தி, முழங்கால்களை மடக்கிப் படுக்க வைத்து, விளக்கைத் திருப்பி, என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிய விரலால் கட்டியின் ஓரங்களையும் அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் தடவிப் பார்ப்பது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெளியே இருக்கும் கட்டிக்குப் பெரும்பாலும் உள்ளே கை விட்டுப் பார்க்கும் தேவையே இல்லை. தேவை என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, கூட ஒரு நர்ஸ் நிற்கவேண்டும் என்றோ கேட்கலாம். மருத்துவமனையின் மரியாதைக்குறைவைத் திருத்தப் போராடுவது ஒரு வேலை. அதைக் காரணம் காட்டிப் பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்புவது வேறு வேலை.

நான்காவதாக, எல்லாம் வணிகம் என்கிறார். தேவையில்லாத ஸ்கேன் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அரசு மருத்துவமனை மகளிர் பிரிவிலோ தோல், பால்வினை நோய்ப் பிரிவிலோ சீட்டு எடுத்துக் காட்டுவதில் எந்தக் கார்ப்பரேட்டுக்கு லாபம்? சில மில்லிமீட்டர் சதையை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துச் சோதிப்பதில் என்ன கொள்ளை? திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலம் தொட்ட பஞ்சையும் ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயைப் பார்த்தார்கள். அந்தக் கிராமங்களின் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. சமையலறை வினிகரில் இருக்கும் அமிலத்துக்கும் பஞ்சுக்கும் எந்தப் பன்னாட்டு நிறுவனம் காப்புரிமை வைத்திருக்கிறது?

ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது அவர் 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமியருக்கு அதைப் போட்டதை இழுக்கிறார். அங்கே பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் வாங்காமல் விடுதிக் கண்காணிப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கியது மாபெரும் தவறு. நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. அவர் எழுதிய கட்டுரையில் நான் முழு மனதோடு உடன்படும் இடம் அது ஒன்றுதான். ஆனால் பெண்ணின் ஒப்புதலை மீறியதற்காக அங்கே கொதித்தவர், இங்கே பெண்ணுக்கு ஒப்புதல் சொல்லும் உரிமையே வேண்டாம் என்கிறார். எந்தக் கொதிப்பு உண்மை? ஆஸ்திரேலியா 2007இல் பள்ளி மாணவியருக்கு அந்தத் தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் 21 வயதுக்குட்பட்ட பெண்களிடம் பாலுறுப்பு மரு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. இலங்கை 2017இலேயே தன் தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. புனேயின் சீரம் நிறுவனம் இப்போது இங்கேயே அதைத் தயாரிக்கிறது. மேற்கத்தியச் சதி என்ற வாதத்துக்கு இதில் எந்த மூலையில் இடமிருக்கிறது?

கடைசி வாதம்தான் என்னை மேசையில் உட்கார வைத்தது. அந்த இடத்தில் புற்றுநோய் மிக அபூர்வம், அதற்காக எல்லாப் பெண்களையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்கிறார். அபூர்வம்தான், பெண் உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை. அதில் ஒருத்தியை நான் அறிவேன். என் பெரியம்மா. மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து அரிப்பு வந்தது, தோல் வெளுத்தது. தேங்காய் எண்ணெய் தடவினார், வேப்பிலை வெந்நீரில் கழுவினார், இரவில் தூக்கமில்லாமல் திண்ணையில் நடந்தார். பிறகு ஒரு சின்னக் கடினமான முடிச்சு. யாரிடமும் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட உள்பாவாடையில் ரத்தக் கறையைப் பார்த்த மருமகள் கேட்டபோதுதான் வாய் திறந்தார், அதுவும் பெரியப்பாவிடம் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. அதற்குள் அரையில் நெறி கட்டிக் கல்லாக இறுகிவிட்டது. வெட்டினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். அடுத்த ஆடிக்கு அவர் இல்லை. பெரியம்மாவுக்கு முதலில் வந்த வெளுப்பும் அரிப்பும் ஒரு தோல் நோய். களிம்பு தடவிக் கட்டுக்குள் வைத்து, ஆண்டுக்கொருமுறை காட்டிக்கொண்டே இருக்க வேண்டியது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது புற்றாகும். கட்டி நெறிக்குப் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள். பரவிவிட்டால் அது ஏறத்தாழப் பாதியாகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது சொல்லாமல் மறைத்த காலம். அபூர்வம் என்ற சொல்லை அந்த மருமகளின் முகத்தைப் பார்த்துக் கட்டுரையாளர் சொல்வாரா?

அபூர்வமானது என்றால் பார்க்க வேண்டியதில்லை என்பது என்ன தர்க்கம்? 1905இல் சென்னையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் பிறப்புறுப்பில் வலியில்லாமல் சிவந்து சதைபோட்டுத் தொட்டால் ரத்தம் கசியும் புண்ணின் கிருமியை நுண்ணோக்கியில் கண்டு சொன்னார். அந்த நோய் இன்று அவர் பெயராலும் வழங்குகிறது. இன்று அரிதாகிவிட்ட நோய். அரிதானது எப்படி? யாரோ புண்ணைக் காட்டினார்கள், ஒருவர் பார்த்தார், பிறகு மருந்து வந்தது.

எல்லாக் கட்டிக்கும் ஓட வேண்டுமா என்று கேலியாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம். சவரம் செய்த இடத்துக் கொப்புளத்தைக் கிள்ளாமல், ஊசியால் குத்தாமல், வெந்நீர் ஒற்றடம் கொடுத்து ஒரு வாரம் பார்க்கலாம். வலியில்லாத, வளராத சிறு கட்டியை ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்து, எந்த இடம், எவ்வளவு பெரிது என்று மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் போகவில்லையானால் காட்டலாம். நாளுக்கு நாள் வீங்கினாலோ, உட்கார நடக்க விடாமல் வலித்தாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றே போகவேண்டும். பார்த்தோலின் சீழ்க்கட்டியை உட்பக்கமாகக் கீறி, ஒரு சிறு பலூன் குழாயைச் சில வாரம் உள்ளே விட்டோ, ஓரத்தைத் தைத்தோ புது வழி அமைத்துவிடுவார்கள். வெறுமனே கீறிவிட்டால் வாய் மூடி மறுபடியும் வரும். சர்க்கரை நோய் இருப்பவர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது; அங்கே தொடங்கும் தொற்று தோலுக்கடியில் வேகமாகப் பரவிச் சதையை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும். ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசிவது, நிறமோ ஓரமோ மாறும் மச்சம், மாதக்கணக்கான அரிப்பும் வெளுப்பும், புதிதாகத் தோன்றிய மரு, அரையில் கட்டிய நெறி, கர்ப்ப காலத்தில் வந்த எந்தப் புண்ணும் காட்ட வேண்டியவை. நாற்பதைக் கடந்தபின், அதிலும் மாதவிடாய் நின்றபின் புதிதாக வரும் எந்தக் கட்டியையும், வலிக்காவிட்டாலும், சிறிதாக இருந்தாலும், காட்டியே ஆகவேண்டும். பார்த்தோலின் கட்டியாகத் தோன்றினாலும் அந்த வயதில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

கட்டுரையின் முடிவில், அவசியமானால் குடும்பத் தலைவரின் அனுமதியோடு போகலாம் என்று தாராளம் காட்டுகிறார். இத்தனை பக்கமும் இந்த வரிக்காகத்தான் எழுதப்பட்டன. சூடும் நாணமும் சதியும் வணிகமும் சுற்றி வளைத்து வந்து சேரும் இடம், அவள் உடம்பைப் பார்க்க யார் உத்தரவு தருவது என்பது. பதினெட்டு வயது நிறைந்த பெண் தன் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒப்புதல் தரத் தன் கையெழுத்துப் போதும். கணவன் கையெழுத்தையோ மாமனார் கையெழுத்தையோ எந்தச் சட்டமும் அதற்குக் கேட்பதில்லை.